இடப்பக்கக் கதவு

பெரம்பலூரில் நான் வேலை பார்க்கும் பட்டறைக்குச் செந்துறைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் பழைய ஸ்போர்ட்ஸ் காரை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார். இரண்டே இருக்கை. அவர் வெள்ளைச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டிருப்பார். வேலையைப் பார்க்க வரும்போதெல்லாம், காரில் ஏறுமுன் இடப்பக்கக் கதவைத் திறந்து, கொஞ்சம் நின்று, சாத்திவிட்டுத்தான் தன் பக்கம் வருவார்.

கார்புரேட்டரை எடுத்துவிட்டு, பெட்ரோலைத் தானே அளந்து விடும் இன்ஜெக்‌ஷன் வைக்கச் சொன்னார்.

"கார்புரேட்டர் நல்லாத்தானே இருக்குங்க?" என்றேன்.

"கிளப்புறப்ப இழுக்கிற சோக்குக் கம்பி நிக்காது தம்பி, உள்ள போயிடும். நான் சாவி திருப்புறப்ப இடப்பக்கம் உக்காந்து ஒருத்தர் இழுத்துப் பிடிக்கணும். எங்க வூட்டம்மாதான் பிடிப்பா. மாசியில போயிட்டா."

"புதுக் கம்பி போட்டா நிக்குமுங்க."

"அவ பிடிச்சதை இன்னொண்ணு பிடிக்க வேணாம். இன்ஜெக்‌ஷன் வச்சு அந்த வேலையே இல்லாமப் பண்ணிடுங்க."

டேங்க்கில் பம்பு வைத்து, ஒயரிங் இழுத்து, வேலையை முடித்தேன். அவர் சாவியைத் திருப்பினார். தொட்டதும் இன்ஜின் ஓடியது. இடப்பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்க."

 

இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். சுற்றி வந்து இடப்பக்கக் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றார். இந்த முறை வெகுநேரம் சாத்தவில்லை.