இரண்டு மெஷின்களும் ஒரு சிவப்பு விளக்கும்

கடைக்காரப் பெண் மூன்றாவது தடவையும் அதே கேள்வியைக் கேட்டபோது ஆர்ன்ஃபினுக்குக் காதுமடல் சூடேறிவிட்டது. காற்றைச் சுத்தம் செய்கிற மெஷின் கேட்டு வந்தவரிடம், விசிறியோடு வேண்டுமா, ஹீட்டரோடு வேண்டுமா என்றால் என்ன சொல்வது? முப்பத்தெட்டு வருஷம் ஃபெர்ரிப் படகின் இன்ஜின் அறையில் வேலை பார்த்தவர் அவர். அங்கே ஒரு கருவிக்கு ஒரு வேலை. பம்ப் என்றால் தண்ணீர் இறைக்கும், அதுவே காப்பியும் போடும் என்று எவனும் சொன்னதில்லை.

"என் பொண்டாட்டிக்கு மூச்சு முட்டுது. எதைக் கொடுத்தா முட்டாது, அதை மட்டும் சொல்லும்மா."

வடிகட்டி இரண்டிலும் ஒன்றுதான் என்று அந்தப் பெண் நிதானமாகச் சொன்னாள். ஒன்று காற்றை அப்படியே வீசும், மற்றது சூடாக்கி வீசும். வீட்டில் எது குறை என்று பார்த்துத்தான் எடுக்கவேண்டுமாம். அந்த நிதானம் ஆர்ன்ஃபினுக்குப் பிடிக்கவில்லை. இரண்டையும் கட்டச் சொன்னார். பதினான்கு நாளைக்குள் பிடிக்காததைத் திருப்பித் தரலாம் என்று பில்லில் அச்சிட்டிருந்தது.

அவர் மனைவி குன்வோர் வைத்திருந்த கெடுவும் ஏறக்குறைய அதுதான். அவள் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் இருபது வருஷம் நின்றவள். நுரையீரல் கெட்டு இரண்டு வருஷமாகிறது. கட்டிலுக்கு அடியில் ஒரு பை தயாராக இருந்தது. வடக்கே ஒரு தீவில் அவளுடைய அக்கா வீடு, வாசலில் இறங்கினால் கடல். "மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன். சரியாகலேன்னா அக்கா வீட்டுக்குப் போயிடறேன். இங்கயே கிடந்து சாக எனக்கு இஷ்டமில்ல" என்று உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். குரல் உயரவில்லை. சண்டை போட்டிருந்தால் ஆர்ன்ஃபின் பதில் சண்டை போட்டிருப்பார். உருளைக்கிழங்கோடு எப்படிச் சண்டை போடுவது?

முதல் வாரம் விசிறி மெஷின். அதன் நெற்றியில் ஒரு விளக்கு இருந்தது. நல்ல காற்றுக்குப் பச்சை, சுமாருக்கு மஞ்சள், கெட்டதற்குச் சிவப்பு. முதல் ராத்திரி முழுக்கச் சிவப்பு. கடைக்காரியை வாய்க்குள்ளேயே திட்டித் தீர்த்தார். குன்வோர்தான் படுக்கையறை ஜன்னலைக் கைகாட்டினாள். ஜனவரி மாதத்திலும் நான்கு விரல் இடைவெளி விட்டுத் திறந்திருந்தது. பிறந்ததிலிருந்து அவர் மூடிய ஜன்னலுக்குள் தூங்கியதில்லை. அந்த ஊரில் யாரும் தூங்குவதில்லை.

"இந்த மெஷின் பெர்கன் ஊரு முழுக்கக் காத்தைச் சுத்தம் பண்ணுது, நம்ம வீட்டைத் தவிர" என்றாள்.

ஆர்ன்ஃபின் ஜன்னலை அறைந்து சாத்தினார். அதற்குப் பிறகு பகலில் பச்சை எரிந்தது. ஆனால் சாயங்காலம் ஆறு மணியானால் சொல்லிவைத்தாற்போல் மறுபடி சிவப்பு. சில்லென்ற காற்று முகத்தில் அடிக்க, குன்வோர் கம்பளித் தொப்பியும் இரட்டைக் காலுறையும் போட்டுக்கொண்டு இருமினாள். இரண்டாவது வாரம் ஹீட்டர் மெஷின். தொப்பி கழன்றது, தொண்டை வறண்டது, இருமல் மட்டும் அப்படியே இருந்தது. ஆறு மணிக்குச் சிவப்பு.

ஆறு மணிக்கு என்ன நடக்கிறது என்று ஆர்ன்ஃபினுக்குத் தெரியும். கீழ்வீட்டு ஒட்வார் விறகடுப்பைப் பற்றவைக்கிறார். பழைய பஸ் டிரைவர், தனிக்கட்டை. காற்றில்லாத குளிர்நாளில் மலைக்கு நடுவே ஊர் மூடிபோட்ட பாத்திரம் மாதிரி ஆகிவிடும். புகைபோக்கியில் ஏறிய புகை போக்கிடமில்லாமல் சுவரிலிருக்கிற காற்றுத்துளை வழியாகத் திரும்பி மேல்வீட்டுக்குள் வரும். குன்வோருக்காக ஆர்ன்ஃபின் தன் அடுப்பை இரண்டு வருஷம் முன்பே செங்கல் வைத்து அடைத்துவிட்டார். இந்த மனிதனுக்கு மட்டும் தினமும் திருவிழா. ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிறவர்கள், வாய்விட்டுக் கேட்கக்கூடாது என்று குன்வோர் தடுத்துவைத்திருந்தாள்.

பன்னிரண்டாம் நாள் அவள் இருமி இருமி உதடு நீலம் பூத்தது. ஆர்ன்ஃபின் செருப்போடு கீழே இறங்கிக் கதவை முஷ்டியால் இடித்தார்.

"யோவ், மேல ஒரு மனுஷி செத்துக்கிட்டிருக்கா. உனக்கு நெருப்பு வேடிக்கை கேக்குதா?"

ஒட்வார் ஓவர்கோட் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நின்றார். கழுத்தில் மஃப்ளர் வேறு.

"வேடிக்கையா? உள்ள வந்து உக்காந்து பாரு. அக்டோபர்லயே சுவர் ஹீட்டர் செத்துப்போச்சு. குடியிருப்புச் சங்கத்துக்கு மூணு கடிதாசி போட்டேன். 'கவனத்தில் கொண்டோம்'னு மூணு பதில் வந்துச்சு."

"அதுக்கு இப்படியா புகையும்? என்னத்தய்யா எரிக்கறே? டயரா?"

ஒட்வார் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் ஆர்ன்ஃபினைக் குத்தியது.

"உன் விறகுதான். நீ கொடுத்தது."

உண்மைதான். தன் அடுப்பை அடைத்த வாரம் நிலவறையிலிருந்த மொத்த விறகையும் ஒட்வாரிடம் தள்ளிவிட்டிருந்தார். தானே வெட்டிய பிர்ச் மரம், தானே பிளந்து அடுக்கியது. அந்தக் கட்டிடத்தில் அப்படி ஓர் அடுக்கு எவனும் அடுக்கியதில்லை. பட்டை மேலே பார்க்க, நுனிகள் ஒரே கோட்டில் நிற்க, கத்தி நுழையாத இறுக்கம். பக்கத்து வாசல்காரர்கள் வந்து போட்டோ எடுத்துப் போனார்கள். எடுக்கும்போது ஆர்ன்ஃபினும் கூடவே நின்று போஸ் கொடுத்தார்.

அடுப்பருகில் கிடந்த இரண்டு துண்டுகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். காய்ந்த பிர்ச் கணீரென்று பதில் சொல்லும். இது சாக்குமூட்டையைக் குத்தியது போல் மொத்தென்றது. இன்னொரு ஜோடி. அதுவும் மொத். ஒலியை வைத்தே இன்ஜினின் நோவைச் சொன்ன காது அது. கத்தி நுழையாத அடுக்கில் காற்று மட்டும் எப்படி நுழையும்? இரண்டு வருஷமும் அழகாக நின்று, உள்ளே ஊறிக்கொண்டே இருந்திருக்கிறது.

"ஈரம்னு ஏன்யா ஒரு வார்த்தை சொல்லல?"

"உன்கிட்டயா? அந்த அடுக்கைப் பத்தி ஒரு மணி நேரம் பேசினவன் நீ. சொல்லியிருந்தா இன்னொரு மணி நேரம் பேசியிருப்பே."

ஆர்ன்ஃபின் மேலே ஏறினார். ஹீட்டர் மெஷினின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினார். அதைக் கடைக்கா கொண்டுபோகிறார் என்று குன்வோர் கேட்பதற்குள் வாசலைத் தாண்டிவிட்டார். படியில் இரண்டு இடத்தில் சுவரில் இடித்துக்கொண்டே தூக்கிப்போய் ஒட்வாரின் நாற்காலிக்கு எதிரே நட்டார். பொத்தானை அழுத்தினார். சூடான காற்று ஒட்வாரின் மஃப்ளரை அசைத்தது.

"இது உனக்கு. இனிமே அந்த அடுப்புல கை வெச்சே, கையை ஒடிச்சிடுவேன்."

"நன்றின்னு சொல்லணுமா, போலீஸைக் கூப்பிடணுமா?"

"வாயை மூடிக்கிட்டுச் சூடு காயி."

பிறகு நிலவறைக்குப் போனார். மிச்சமிருந்த விறகை மார்போடு அணைத்து அணைத்து முற்றத்தில் கொண்டுவந்து வீசினார். ஒவ்வொரு துண்டும் மொத்தென்று விழுந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு வசவு. மாடி ஜன்னல்களில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். முன்பு போட்டோ எடுத்தவர்களும் அதில் இருந்தார்கள். இந்தத் தடவை அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் விசிறி மெஷின் மட்டும் குன்வோரின் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கம்பளித் தொப்பியோடு உட்கார்ந்திருந்தாள். ஆறு அடித்தது. ஆறரையும் ஆனது. விளக்கு பச்சையிலிருந்து மஞ்சளுக்குப் போய் அங்கேயே நின்றது.

குன்வோர் குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்தாள். ராத்திரி உடையை மட்டும் வெளியே எடுத்து மடித்துத் தலையணைமேல் வைத்தாள். மற்றதை உள்ளேயே விட்டு, பையைத் திரும்பத் தள்ளினாள்.

"மஞ்சளுக்கு இவ்வளவுதான்," என்றாள்.

ஆர்ன்ஃபின் சங்கத்துக்கு எழுத ஒரு தாளை எடுத்து மேஜையில் அறைந்து வைத்தார். ஒட்வாரின் ஹீட்டரைப் பற்றி எழுத ஆரம்பித்தார். பேனா முனை இரண்டு இடத்தில் தாளைக் கிழித்தது.