போர்வெல்லுக்கு வாங்கிய பேட்டரி லைட்

ஒரு பேட்டரி லைட் வாங்க மூன்று வாரம் ஆராய்ச்சி செய்தவன் நான். பெண் பார்க்கப் போனபோதுகூட அரை மணி நேரத்தில் தலையாட்டிவிட்டேன்.

வேடசந்தூர் போகிற பாதையில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். என் மனைவி அதில் நாற்பது எலுமிச்சை வைத்து வளர்த்தாள். திண்டுக்கல்லில் வாத்தியார் வேலை பார்க்கிற எனக்கு அது ஞாயிற்றுக்கிழமைத் தோட்டம், அவளுக்கு உயிர். சித்திரையில் மோட்டார் ஓடியும் குழாயில் காற்றுதான் வந்தது. போர்வெல் வற்றிவிட்டது, மரத்துக்கு வண்டித் தண்ணீர் வாங்கி ஊற்றலாம் என்றாள். மோட்டார்தான் பழுது, தூக்கிவிட்டு உள்ளே லைட் அடித்துப் பார்த்தால் தெரியும் என்றேன். வீட்டில் கிடந்த, மூன்று கட்டைப் பேட்டரி போடுகிற பழைய லைட்டை எடுத்து நீட்டினாள். அது போதாது என்று நான் சொன்னதோடு என் புத்தி கெட்டது.

மூவாயிரம் லூமன் வெளிச்சம் போதுமா, ஐயாயிரம் வேண்டுமா? பேட்டரியைக் கழற்றி மாற்றலாமா, உள்ளேயே அடைத்து வைத்திருக்கிறானா? போன் சார்ஜரில் ஏறுமா? நோட்டில் கட்டம் போட்டு எழுதினேன். ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்க்கும் என் மைத்துனன் கட்டைப் பேட்டரிக் கட்சி. பெட்டிக்கடையில் கிடைக்காத பேட்டரி எதற்கு என்று அவனும், விஞ்ஞானம் தெரியாதவன் என்று நானும் போனிலேயே மல்லுக்கட்டினோம். லைட் வந்து சேரட்டும் என்று மோட்டார் தூக்க வரும் ஆளை நானே இரண்டு முறை தள்ளிப்போட்டேன். வெயில் யாருக்காகவும் தள்ளிப்போகவில்லை.

பார்சல் வந்தது. விலையைச் சொல்லமாட்டேன், மனைவி இதை வாசிக்கக்கூடும். மங்கல், நடு, உச்சம், டர்போ என்று நான்கு வெளிச்சம். போதாததற்கு விட்டுவிட்டு மின்னி ஆபத்துக்கு உதவி கேட்கிற ஒன்று. வேடசந்தூர்க் காட்டில் அதைப் பார்த்து எந்தக் கப்பல் வரும் என்று நான் யோசிக்கவில்லை.

அந்த ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து நேராகத் தோட்டத்துக்குப் போனோம். மைத்துனனும் தன் லைட்டோடு வந்திருந்தான். மோட்டார் தூக்குகிறவரும் அவர் ஆட்களும் அதை வெளியே எடுத்துப் போட்டார்கள். நான் குப்புறப் படுத்து டர்போவில் அடித்தேன். வெள்ளைக் குழாயின் வாயெல்லாம் பளீரென்று மின்னி என் கண்தான் கூசியது. சற்று நேரத்தில் சூடேறி லைட் தானாகவே மங்கியது. மைத்துனனின் கட்டை லைட் பத்தடியோடு நின்றுகொண்டது. அதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

மோட்டார் தூக்குகிறவர் பீடியைக் கீழே போட்டார். "மொகம் பாக்குற கண்ணாடி இருந்தா குடுங்கக்கா" என்று என் மனைவியிடம் கேட்டார். மோட்டார் ரூம் ஆணியில் மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றி வந்தாள். அவர் அதில் உச்சி வெயிலை வாங்கிக் குழாய்க்குள் திருப்பினார். வெளிச்சம் நூல் பிடித்த மாதிரி இறங்கியது. அடி வரைக்கும் பாறை தெரிந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

இந்தப் பக்கத்தில் போர்வெல் வைத்திருக்கிற எல்லோரும் இப்படித்தான் பார்ப்பார்களாம். என்னிடம் யாரும் சொல்லவில்லை. நான் யாரையும் கேட்கவுமில்லை.

மனைவி சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன். "அன்னைக்கே ரெண்டு வண்டி தண்ணி ஊத்திருந்தா பொழச்சிருக்கும்ங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மரங்கள் பக்கம் நடந்தாள். எனக்கு அவமானமாக இருந்தது.

தண்ணீர் வண்டிக்காரருக்குப் போன் போட்டேன். எத்தனை மரத்துக்கு என்று கேட்டார். செத்த நேரம் இருங்கள் என்று சொல்லிவிட்டு, பச்சை மிச்சமிருந்தவற்றை மட்டும் எண்ணினேன். பதினொன்று.