கைலாசநாதன் கடித்துப் பார்த்த அரிசி

அம்பகரத்தூர் கைலாசநாதனிடம் ஒரு பிடி அரிசியைக் காட்டிவிட்டு யாரும் லேசில் வீடு திரும்பிவிட முடியாது. உள்ளங்கையில் பரப்புவார், வெயிலுக்கு நேரே பிடிப்பார், ஒரு மணியை எடுத்து முன்பல்லில் வைத்துக் கடிப்பார். பிறகு என்ன ரகம், எவ்வளவு பழசு, நெல்லைக் காயவைத்தவன் சோம்பேறியா இல்லையா என்பதுவரை சொல்லிவிட்டுத்தான் ஆளை விடுவார். பத்து மா நிலத்தில் வாலிபத்திலிருந்து புரண்டவர், அவர் சொன்னால் பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். அந்தத் திமிர் அவருக்கு நிறையவே உண்டு. ஒரு கல்யாணப் பந்தியில் சாதத்தைப் பிசைந்துகொண்டே, கடைக்காரன் ரெண்டு ரகத்தைக் கலந்து ஏமாற்றிவிட்டான் என்று சொல்லிப் பெண் வீட்டாரை வியர்க்க வைத்த மனிதர். அன்றிலிருந்து அவர் மனைவி சொர்ணாம்பாள் பந்தியில் அவர் பக்கத்தில் உட்கார்வதில்லை.

இவருக்கு ஒரே மகள், தமிழ்மொழி. காரைக்காலில் காலேஜ் படித்தபோது ஒரு மழை நாளில் பஸ் ஸ்டாப்பில் கிடந்த பூனைக்குட்டியைத் துப்பட்டாவில் சுருட்டிக்கொண்டு வந்து, செவலை என்று பேர் வைத்தாள். கோவில்பத்தில் அவளைக் கட்டிக்கொடுத்தபோது அதையும் கூட்டிப்போகத்தான் நினைத்தாள். ஆனால் மாமியார் அமுதத்தின் வீட்டில் ரோஜா என்றொரு வெள்ளைப் பூனை ஏற்கெனவே ராஜ்யம் நடத்திக்கொண்டிருந்தது. செவலை அப்பாவிடமே தங்கிவிட்டது. பூனையைக் கண்டாலே ஆகாது என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர், கொஞ்ச நாளில் தன் மெத்தை நாற்காலியை அதற்குக் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படிக்க ஆரம்பித்தார்.

போன வருஷம் தமிழ்மொழி பிள்ளைத்தாய்ச்சி ஆனாள். தலைப்பிரசவம், தாய்வீட்டுக்குத்தானே வர வேண்டும்? கைலாசநாதன் வீட்டையே புரட்டிப் போட்டார். அவளுக்கென்று ஒரு அறைக்கு வெள்ளையடித்தார், புது மின்விசிறி மாட்டினார், குனிய முடியாதே என்று வெஸ்டர்ன் டாய்லெட் கட்டினார். மகள் வந்து மாதக்கணக்கில் கூடவே இருக்கப்போகிறாள் என்ற நினைப்பிலேயே மனிதருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அத்தனை சந்தோஷம்.

வளைகாப்புக்கு நாள் பார்க்க அமுதம் வந்தார். சுத்தபத்தமான மனுஷி, புடவை மடிப்பு கலையாமல் பஸ்ஸில் வரக்கூடியவர். செவலையை விரட்டிவிட்டு மெத்தை நாற்காலியில் உட்காரப் போனவர், அதில் அரிசி சிந்தியிருக்கிறதே என்றார். கைலாசநாதனுக்கு இது போதாதா? ஒரு மணியைப் பொறுக்கினார். பொடி ரகம், சீரகச் சம்பா மாதிரி இருக்கிறது, ஆனால் நம் பக்கத்து விளைச்சல் இல்லை என்றார். கடித்தார். ஒரு வருஷப் பழசு, நன்றாகக் காய்ந்திருக்கிறது என்றார். இன்னொரு மணியை உள்ளங்கையில் வைத்துச் சம்பந்தியிடம் நீட்டினார். இது சற்றுப் பருமனாக, பளபளவென்று இருந்தது. சம்பந்தி குனிந்து பார்த்தார். அரிசி நீண்டது, சுருங்கியது, மறுபடி நீண்டது, பிறகு கட்டைவிரல் பக்கமாக நகர ஆரம்பித்தது.

இரண்டு பேரும் செவலையைப் பார்த்தார்கள். அது வாலைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்க்கொண்டிருந்தது. வாலுக்கடியில் இன்னும் இரண்டு மணி அரிசி ஒட்டியிருந்தது.

கைலாசநாதன் கொல்லைக்கு ஓடியதை ஓட்டம் என்று சொல்ல முடியாது, பறந்தார். ஒரு குடம் தண்ணீரில் வாயைக் கொப்பளித்துவிட்டு அவர் திரும்பியபோது அமுதம் கிளம்பத் தயாராக நின்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. இந்தப் பூனை இருக்குற வீட்டுக்குத் தமிழ்மொழிய அனுப்ப எனக்கு மனசு வரல. பிரசவம் எங்க வீட்டுலயே நடக்கட்டும்."

பூனையை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்றார் சொர்ணாம்பாள். அதைக் கேள்விப்பட்டு தமிழ்மொழி போனில் ஒரே அழுகை, செவலையை விட்டால் நான் வரவே மாட்டேன் என்று. பூனை இருந்தால் மாமியார் விட மாட்டார், பூனை போனால் மகள் வர மாட்டாள். வெள்ளையடித்த அறையைக் கைலாசநாதன் அன்று ராத்திரி நாலு தரம் திறந்து பார்த்தார்.

மறுநாள் காலை செவலையை வயர்கூடையில் போட்டு, மேலே துண்டைக் கட்டி, பஸ் ஏறினார். அது திருநள்ளாறு வரை ஓயாமல் கத்தி, பஸ் முழுக்க இவரைத் திரும்பிப் பார்க்க வைத்தது. காரைக்காலில் மாட்டு டாக்டர், நாய் டாக்டர் எல்லாமே சில்வியாதான். பார்த்ததும் சிரித்துவிட்டார். இது நாடாப்புழு, அரிசி மாதிரி விழுவது அதன் துண்டுகள் என்றார். பூனை உடம்பை நக்கும்போது தெள்ளுப்பூச்சியை விழுங்கிவிடும், அதிலிருந்து வருவது. ஊரில் பூனை என்று இருந்தால் அதன் வயிற்றில் ஏதாவது ஒரு பூச்சி இருப்பது சர்வ சாதாரணம், மாத்திரை கொடுத்துத் தெள்ளை ஒழித்தால் தீர்ந்தது.

கைலாசநாதன் குரலைத் தணித்து, தான் கடித்த கதையைச் சொன்னார்.

"புழுத்துண்ட கடிச்சா ஒண்ணும் வராதுங்கய்யா, தெள்ளுப்பூச்சிய முழுங்குனாத்தான் வரும். அதையும் ரகம் பாத்தீங்களா?" என்றார் டாக்டர்.

கைலாசநாதன் மகள் விஷயத்தையும் கேட்டார். பிள்ளைத்தாய்ச்சி பயப்பட வேண்டியது இந்தப் புழுவுக்கு இல்லை, பூனை மலத்தில் இருக்கக்கூடிய வேறொரு கிருமிக்கு என்றார் டாக்டர். அதனால் மலத்தை அவள் அள்ளவே கூடாது, வேறு யாராவது தினமும் அள்ள வேண்டும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், கறியை நன்றாக வேகவைக்க வேண்டும். அவளுடைய டாக்டரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொன்னார்.

செவலையை வீட்டில் சேர்த்துவிட்டு, இதையெல்லாம் சம்பந்தியிடம் சொல்லிக் கெஞ்சக் கோவில்பத்துக்குப் போனார். அமுதம் காப்பி போட உள்ளே போனார். சோபாவில் ரோஜா தூங்கிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில், நீல விரிப்பின் மேல், நாலைந்து மணி அரிசி.

ஆகா! கைலாசநாதனுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. இந்த முறை அவர் கடிக்கவில்லை. ஒரு சத்தம் போட்டால் போதும், அமுதம் பேச வாயில்லாமல் போய்விடுவார். கல்யாணப் பந்தியில் அடங்காத வாய் நுனிநாக்கு வரை வந்துவிட்டது. அப்போது அறை வாசலில் தமிழ்மொழி தெரிந்தாள், வயிற்றைத் தாங்கிக்கொண்டு, "வாங்கப்பா" என்று சிரித்தாள். வந்த வார்த்தையை அப்படியே விழுங்கினார். அமுதம் காப்பியோடு வந்தபோது, பிள்ளைத்தாய்ச்சி புழங்கும் வீடு என்பதால் ரோஜாவையும் ஒருதரம் காட்டிவிடச் சொன்னார் டாக்டர் என்றார் கைலாசநாதன். டாக்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் ரோஜா வாசல்படி தாண்டாதே என்று அமுதம் ஆச்சரியப்பட்டார். ஆனாலும் மருமகளுக்காக என்றதும் ஆட்டோ வரவழைத்துவிட்டார். டாக்டர் சில்வியா ரோஜாவின் ரோமத்தை விலக்கித் தெள்ளைக் காட்டினார், பிறகு வாலைத் தூக்கி அரிசியைக் காட்டினார். வீட்டுக்குள்ளேயே கிடக்கும் பூனைக்கும் இது வரும், வெட்கப்பட ஒன்றுமில்லை, மலத்தை மட்டும் பிள்ளைத்தாய்ச்சி அள்ளக் கூடாது என்றார். கைலாசநாதன் சுவரில் மாட்டியிருந்த கறவை மாட்டுப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பும்போது ஆட்டோவில் அமுதம் ரோஜாவை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். திடீரென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார், தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று கைலாசநாதன் பதறிப்போனார். அமுதம் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தார்.

"சோபாவுல பாத்துட்டுத்தான கூப்புட்டீங்க? அங்கயே சொல்லியிருக்கலாம்ல?"

"எம் பொண்ணு வாழுற வீடும்மா அது. அவ எதிர ஒங்க தல குனியலாமா?"

அமுதம் சிரிப்பை நிறுத்தினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை நல்ல நாள், வளைகாப்பை முடித்துத் தானே கொண்டுவந்து விடுவதாகச் சொன்னார். பூனை பேண்டதை மட்டும் அவள் அள்ளக் கூடாது என்றார்.

"நான் அள்ளுறேன் சம்பந்தியம்மா. எத்தினி மாசம் வேணுமின்னாலும் அள்ளுறேன்."

சொன்ன சொல் தவறவில்லை. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு தினமும் விடிந்ததும் பழைய முறத்தோடு கொல்லைக்குப் போய், செவலையின் மணல் தட்டை மனிதரே சுத்தம் செய்தார். அரிசி காட்ட வந்தவர்கள் அந்தக் கோலத்தைப் பார்த்து, என்ன இது, இந்த வேலையெல்லாம் நீங்கள் செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். எல்லோருக்கும் அவர் ஒரே பதிலைத்தான் சொன்னார்.

"எம் பொண்ணு வந்திருக்குய்யா."