பேசுகிற கம்ப்யூட்டரை எப்போது மாற்றுவது

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் முதன்முதலில் பேசியது ஒரு சனிக்கிழமை காலையில். அப்போது மந்தைவெளியில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். என் கணவர் கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். சின்ன வயதில் அம்மை போட்டதில் அவருக்குக் கண் பார்வை முழுக்கப் போய்விட்டது. அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் நாத்தனார் பெட்டியைத் திறந்து, புடவை மடிப்புகளுக்கு நடுவிலிருந்து சோப்பு டப்பாவைவிடச் சற்றே பெரிதான கறுப்புக் கருவி ஒன்றை எடுத்தாள். அதைக் கம்ப்யூட்டருக்குப் பின்னால் செருகிவிட்டு, "அண்ணா, ஏதாவது டைப் பண்ணு" என்றாள்.

அவர் ஆங்கிலத்தில் தன் பெயரை அடித்தார். மூக்கடைத்த வெள்ளைக்காரன் ஒருவன் கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுவதுபோல அந்தப் பெட்டி அவர் பெயரைச் சொன்னது. எங்கள் ஊர்ப் பெயரை அடித்தால், நாங்கள் அறியாத ஏதோ தேசத்து ஊர்போல ஒலித்தது. மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்புறம் அவர் ஒரு முழு வாக்கியத்தை அடித்து, கேட்டு, நடுவில் ஒரு எழுத்தை அழித்து, மறுபடி கேட்டார். சிரிப்பு நின்றுவிட்டது.

"என்னோட தப்பை நானே கண்டுபிடிச்சேன், பாத்தியா?" என்றார்.

அதுவரை அவர் டைப்ரைட்டரில்தான் அடிப்பார். அடித்ததை நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். ஒருமுறை ரிப்பன் காய்ந்துபோனது தெரியாமல் ஒரு கட்டுரை முழுவதையும் அடித்துவிட்டு, அந்த வெள்ளைத் தாள்களை அடுக்கி என்னிடம் நீட்டினார். அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

பெட்டி வந்த பிறகு அவர் மாறிவிட்டார். பேசும் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனார். சில மாதங்களில் அது என் காதுக்குத் தகரக் கூரைமேல் மழை விழுகிற சத்தமாகிவிட்டது. அவர் அதில் ஒவ்வொரு சொல்லையும் பிடித்தார். கதவருகே நின்று பார்ப்பேன். மானிட்டரை அணைத்து வைத்துவிட்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு தன் பி.எச்.டி. ஆய்வை அடித்துக்கொண்டிருப்பார். எனக்குப் புல்லரிக்கும்.

எனக்கு தி.நகரில் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. நாங்கள் அதுவரை பார்த்ததெல்லாம் டாஸ். கறுப்புத் திரை, அதில் வரிவரியாக எழுத்து, அவ்வளவுதான். எங்கள் அலுவலகத்துக்கு விண்டோஸ் வந்த அன்று வேலையை விட்டுவிட்டு எல்லாரும் ஒரு மேஜையைச் சுற்றி நின்றோம். கடல்நிறத் திரையில் சின்னச் சின்னப் படங்கள். மவுஸை நகர்த்தினால் அம்பு ஓடியது. அந்தச் சந்தோஷத்தோடு பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அவரிடம் சொன்னேன்.

"எழுத்தே அடிக்க வேண்டாம். படத்து மேல கொண்டுபோய் வெச்சு அமுக்கினாப் போறும். தானாத் திறந்துக்கறது."

"படமா?" என்றார். "படத்தை நம்ம பெட்டி எப்படிப் படிக்கும்?"

எனக்கு அது தோன்றவே இல்லை. அவர் பெட்டி எழுத்தைத்தான் படிக்கும். எழுத்தே இல்லாத திரைக்கு முன்னால் அது ஊமை.

கொஞ்ச காலத்தில் கல்லூரி அலுவலகமும் விண்டோஸுக்கு மாறியது. கேள்வித்தாள் மாதிரியை ஃபிளாப்பியில் கொடுத்து அனுப்பினார்கள். எங்கள் கம்ப்யூட்டரில் போட்டால், பெட்டி ஏதோ சாமியாடுவதுபோல அர்த்தமில்லாத எழுத்துகளாக ஒப்பித்தது. அவர் பொறுமையாகக் கடைசிவரை கேட்டுவிட்டு அணைத்தார்.

"மாத்திடலாமா?" என்று கேட்டேன்.

"தீசிஸ் முடியட்டும். இன்னும் ரெண்டு அத்தியாயம் இருக்கு. பேசிண்டிருக்கறதை எதுக்குக் கலைக்கணும்?"

நியாயமாகத்தான் பட்டது. அப்படியே விட்டோம்.

இந்த நினைப்பைக் கலைத்தவர் அவருடைய பள்ளிக்காலத்து நண்பர். பார்வையற்றோர் பள்ளியில் இருவரும் ஒரே விடுதியில் இருந்தவர்கள். நண்பருக்குச் சொந்த ஊர் சாந்தோம் கடற்கரைக் குப்பம். அடையாரில் ஒரு வங்கிக் கிளையில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தார். எங்கள் வீட்டுப் பெட்டியைப் பார்த்துவிட்டு அவரும் விடாமல் அலைந்து, வங்கி மூலமாகவே அதுபோல ஒன்றை வரவழைத்திருந்தார். போனை எடுத்துக் கொடுப்பதோடு நிற்காமல், யார் கணக்கில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்குத் தானே பார்த்துச் சொல்கிற அளவுக்கு அங்கே உயர்ந்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிப்படியில் அவருடைய கோல் தட்டும் சத்தம் கேட்டது. வழக்கமாக, படி ஏறும்போதே குரல் கொடுப்பார். அன்றைக்கு நேராக உள்ளே வந்து உட்கார்ந்து, கோலை மடிமேல் வைத்துக்கொண்டார்.

"இன்னா வாத்தியாரே, நீ இன்னும் டாஸ்லதான கீறே?" என்று கேட்டார்.

"ஆமாம். ஏன்?"

"எங்களாண்ட மாத்திட்டாங்கோ. லீவுல வந்து எல்லா மிசினையும் தூக்கிட்டு புச்சு வெச்சுட்டாங்கோ. காலீல போய் உக்காந்தேன். தட்டுறேன், தட்டுறேன், ஒரு சத்தமும் இல்லை."

"மேனேஜர்கிட்டச் சொன்னியோ?"

"சொன்னேன். நல்ல மன்ஷன்தான். 'உனுக்குத் தனியா ஒண்ணும் பண்ண முடியாதுப்பா, எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கணும், நீ போனைப் பாரு'ன்னாரு." காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். "போனைத்தான் பாத்துக்கினு கீறேன் அண்ணி. எவனாச்சும் கணக்கு கேட்டா, பக்கத்து சீட்டுக்குப் போட்டுவுட்டுர்றேன்."

என் நாத்தனார் கடிதத்தில் எழுதியிருந்ததை என் கணவர் சொன்னார். படத் திரையையும் படிக்கிற ஒரு புரோகிராம் அங்கே வந்துவிட்டதாம். படத்துக்குப் பின்னால் ஒரு பெயர் ஒளிந்திருக்கிறதாம், அதைப் பிடித்துச் சொல்லுமாம்.

"நெசமாவா? நீ கேட்டியா?"

"இன்னும் கேக்கலை."

"கேட்டுட்டு சொல்லு. கண்ணால பாத்தாத்தான் மேனேஜர் நம்புவாரு. எனுக்குக் காதால கேட்டாப் போதும்."

நண்பர் போன பிறகு என் கணவர் கூடத்தில் இங்குமங்கும் நடந்துகொண்டிருந்தார். அடுத்த நாள் காலை எனக்கு முன்னால் எழுந்து, தங்கைக்குப் போன் செய்து அந்தப் புரோகிராம் இருக்கிற சிடியை அனுப்பச் சொல்லியிருந்தார்.

"தீசிஸ்?" என்றேன்.

"யாராவது ஒருத்தர் முதல்ல போய்ப் பாத்துட்டு வரணும். அவனால முடியாது, அது ஆபீஸ் மெஷின். என்னால முடியும்."

சிடி மே மாதத்தில் வந்தது. தி.நகரில் எங்களுக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் கடைக்காரர் ஒரு காலைப்பொழுதில் வீட்டுக்கே வந்தார். மின்விசிறிக்கு நேர்கீழே கம்ப்யூட்டரைத் திறந்து வைத்து, சிடி டிரைவ் ஒன்றையும், குரல் வருவதற்குச் சவுண்டு கார்டு ஒன்றையும் பொருத்தினார்.

"சார், டிஸ்க்கு சின்னது. டாஸு, விண்டோஸு ரெண்டும் புடிக்காது. பழசைத் தொடச்சிட்டுத்தான் புச்சைப் போடணும். தொடச்சா அவ்ளோதான், திரும்பி வராது. இன்னா சொல்றீங்க?"

ஆய்வு முழுவதையும் ஃபிளாப்பிகளில் எடுத்து, தேங்காய் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தோம். என்றாலும் டப்பாவின் மூடியை இன்னொரு தடவை அழுத்தி மூடினேன். அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, "தொடைங்கோ" என்றார்.

அதற்கப்புறம் அந்த மேஜையில் மௌனம். புரோகிராம் முழுக்க ஏறி முடியும்வரை எதுவும் பேசாது என்று கடைக்காரர் முன்பே சொல்லியிருந்தார். திரையில் வருவதையெல்லாம் நான் வாய்விட்டுப் படித்தேன். இத்தனை வருஷம் என் உதவியில்லாமல் அடித்துக்கொண்டிருந்த மனிதர், மறுபடி என் குரலுக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது எனக்குத் தாங்கவில்லை. படிக்கும்போது என் குரல் எங்கேயோ பிசிறியிருக்க வேண்டும். "தண்ணி குடிச்சுட்டு வா" என்றார்.

எல்லாம் ஏறியது. மெஷின் அணைந்து மறுபடி உயிர் பெற்றது. கடல்நிறத் திரை வந்தது. சத்தம் வரவில்லை.

கடைக்காரர் எதையெதையோ தட்டிப் பார்த்தார். கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னாது இது, எல்லாம் சரியாத்தான கீது" என்று முணுமுணுத்தார். என் கணவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் கடைக்காரர் மேஜைக்கடியில் தவழ்ந்து போய், "அடச்சே! ஸ்பீக்கர் ஒயரை மைக் ஓட்டையில சொருகிட்டேன் சார்!" என்றார்.

ஒயரை மாற்றினார். அறை முழுக்க ஒரு குரல் எழுந்தது. பழைய கிணற்றுக் குரல் இல்லை, தெளிவான, கனத்த குரல்.

"இது வேற ஆள்" என்றார் என் கணவர். கீபோர்டில் ஒரு சாவியை அமுக்கினார்.

"மை கம்ப்யூட்டர்" என்றது அது.

"யாரோட கம்ப்யூட்டர்?" என்று அதைப் பார்த்துக் கேட்டார். நான் சிரித்துக்கொண்டே அழுதேன். கடைக்காரர் திருப்புளியைக் கையில் வைத்தபடி, வாயைத் திறந்துகொண்டு நின்றார். "படிக்குதே சார், அப்டியே படிக்குதே!"

அன்று மத்தியானம் அவர் சாப்பிட எழுந்திருக்கவே இல்லை. மவுஸைத் தொடவில்லை. எல்லாவற்றுக்கும் சாவிகள் இருந்தன. தினமும் விண்டோஸில் வேலை பார்த்த எனக்கு அவற்றில் ஒன்றுகூடத் தெரியாது. அவர் போகிற இடத்துக்கெல்லாம் அம்பு இல்லாமலே திரை திறந்து திறந்து மூடியது. நடுவில் என்னைக் கூப்பிட்டார்.

"இதை ஏன் ஜன்னல்ங்கறா?"

"கட்டம் கட்டமாத் திறக்கும். ஒண்ணுக்கு மேல ஒண்ணு வந்து உக்காந்துக்கும்."

"மேல இருக்கறது கீழ இருக்கறதை மறைக்குமோ?"

"ஆமாம்."

"அப்போ கீழ இருக்கறது உனக்கும் தெரியாதா?"

"தெரியாது. மேல இருக்கறதை நகர்த்தினாத்தான் தெரியும்."

அவர் முகத்தில் வந்த வியப்பை இன்றைக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. கண் இருப்பவர்களுக்கு எல்லாம் ஒரே சமயத்தில் தெரிந்துவிடும் என்றே அவர் அதுவரை நினைத்திருந்தாராம். "அப்போ உங்களுக்கும் ஒண்ணொண்ணாத்தானா!" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில், பார்ப்பது என்றால் என்ன என்று நாங்கள் அப்படிப் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை. சுவருக்கு அந்தப் பக்கம், ஆள் திரும்பி நின்றால் முகம், மடித்த செய்தித்தாளின் உள்பக்கம் என்று என் கண்ணுக்குத் தெரியாதவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டார். நானும் யோசித்து யோசித்துச் சொன்னேன். சொல்லச் சொல்ல, எவ்வளவு கொஞ்சம் பார்க்கிறேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

புதிய சாவிகள் கைக்குப் பழகியதும் நண்பரையும் அழைத்துக்கொண்டு அந்த வங்கிக் கிளைக்குப் போனோம். மேனேஜர் நல்ல மனிதர்தான். தன் அறையிலிருந்த மெஷினையே கொடுத்தார். கடைக்காரரும் வந்திருந்தார், சவுண்டு கார்டைப் பொருத்தி, புரோகிராமை ஏற்றிவிட்டு ஓரமாக நின்றுகொண்டார். என் கணவர் மானிட்டரை அணைக்கச் சொன்னார். கறுத்துப்போன திரைக்கு முன்னால் மேனேஜருக்கு நாலு வரிக் கடிதம் ஒன்றை அடித்து, ஒரு பிழையைத் திருத்தி, பெயர் கொடுத்துச் சேமித்தார். பிறகு மானிட்டரைப் போடச் சொன்னார். மேனேஜர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கடிதத்தை மெல்லப் படித்தார்.

"எனக்கே இவ்வளவு சீக்கிரம் வராது சார்" என்றார். நண்பர் பக்கம் திரும்பி, "ஏம்ப்பா, இதை உன் சீட்ல போட்டா நீ பழைய மாதிரி பாப்பியா?" என்று கேட்டார்.

"பழைய மாதிரி இன்னா சார், அதுக்கு மேலயே பாப்பேன்" என்றார் நண்பர். மேலிடத்தில் அனுமதி வாங்கக் கொஞ்ச காலம் பிடித்தது. ஆனால் மேனேஜர் வாங்கிவிட்டார்.

ஆய்வு நாங்கள் பயந்த அளவுக்குப் பாழாகவில்லை, முழுசாகவும் தப்பவில்லை. ஃபிளாப்பியிலிருந்து எடுத்தபோது அடிக்குறிப்புகளெல்லாம் எண் மாறி, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடந்தன. அவற்றைப் பிரித்து அடுக்குவதிலேயே காலம் ஓடியது. நினைத்ததைவிட ஒரு வருஷம் தள்ளித்தான் சமர்ப்பித்தார். அதற்காக அவர் வருத்தப்பட்டு நான் பார்க்கவில்லை.

அந்த நாட்களில் சாயங்காலம் அடையாரிலிருந்து போன் வரும். "வாத்தியாரே, இது இன்னா சொல்துன்னு கேளு" என்றுவிட்டு நண்பர் ரிசீவரைத் தன் ஸ்பீக்கர் பக்கம் திருப்புவார். மெஷின் படபடவென்று பொரிந்து தள்ளும். என் கணவர் ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, "இல்லை, நீ ஒரு ஜன்னல் பின்னாடி போயிட்டே, ஆல்ட்டைப் பிடிச்சுண்டு டேப் சாவியை அமுக்கு" என்பார். அங்கிருந்து ஒரு சிரிப்பு. மறுபடி மெஷின். ஒரு சொல்கூட என் காதில் பிடிபடாது. காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு, கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.