ஒரு சுற்றுக்கு இரண்டு முறை

மஹ்லகாவுக்கு முழங்கால் மடக்க முடியாமல் போனது, காலமெல்லாம் நின்றபடியே பெண்களுக்கு முடி வெட்டியதால். "தினமும் நடங்க. மேடு வேண்டாம், படி வேண்டாம்" என்றார் டாக்டர். டெஹ்ரானில் மேடில்லாத இடம் தேடுவதென்றால் சும்மாவா? நல்லவேளையாக அவள் குடியிருந்தது மேற்கே, சீத்கர் ஏரிக்குப் பக்கத்தில். ஏரியைச் சுற்றிலும் தளம் போட்ட பாதை, வீட்டுக் கூடம் மாதிரி சமமாகக் கிடக்கும். காலையில் கடையைத் திறப்பதற்கு முன் ஒரு சுற்று என்று ஆரம்பித்தாள்.

வசந்தத்தில் ஒரு நாள், எதிரே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கியூமர்ஸ் வந்தான். அவளுடைய முன்னாள் கணவன். விவாகரத்தாகி நாலு வருஷம் ஆகியிருந்தது.

"நீயா?" என்றான்.

"இல்ல, என் தங்கச்சி" என்றாள் மஹ்லகா. நிற்காமல் நடந்தாள்.

ஏரியை இருவரும் எதிரெதிராகச் சுற்றினால் மறுபக்கத்திலும் முட்டிக்கொள்ளத்தானே வேண்டும்? முட்டிக்கொண்டார்கள்.

"இன்னும் இங்கதான் இருக்கியா?"

"பின்ன, ஏரிக்குள்ளயா இருப்பேன்?"

வீட்டுக்குப் போனதும் மகள் தரானேவைப் போனில் பிடித்தாள். "நீதானே சொல்லிவிட்ட?"

"சத்தியமா இல்லம்மா. அப்பாவுக்கு ரத்த அழுத்தம். அவரையும் நடக்கத்தான் சொல்லியிருக்காங்க" என்றாள் தரானே. குரலில் சிரிப்பு இருந்தது.

நேரத்தை மாற்றிக்கொள்ளலாமா என்று மஹ்லகா யோசித்தாள். நான் ஏன் மாத்தணும், அவன் மாத்தட்டுமே என்று விட்டுவிட்டாள். அவனும் அப்படியே நினைத்தான் போல.

மறுநாள் அவன் தலையைப் பார்த்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை. "யாரு சாயம் போட்டது? ஷூ பாலிஷ் மாதிரி இருக்கு."

பதில் ஏரியின் மறுபக்கத்தில் வந்தது. "நானேதான்."

"தெரியுது."

அதற்கடுத்த நாள் அவன் தொப்பி போட்டுக்கொண்டு வந்தான். மஹ்லகா வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டு போனாள்.

இப்படி ஒரு சுற்றுக்கு இரண்டு முறை, முறைக்கு ஒரு வாக்கியம் என்று பேச்சு வளர்ந்தது. மஹ்லகா ஒன்றைக் கவனித்தாள். குடும்பம் நடத்திய காலத்தில் அவள் பாதி சொல்லும்போதே கியூமர்ஸ் பதில் சொல்லி முடித்திருப்பான். இங்கே அது நடக்காது. அவள் சொன்னதைத் தூக்கிக்கொண்டு அரை ஏரி நடந்தாக வேண்டும். அப்படி நடந்து வந்து அவன் சொல்லும் பதில்கள் கேட்கும்படி இருந்தன. இந்த மனுஷனுக்கு யோசிக்க வருமா என்று அவளுக்கே ஆச்சரியம்.

அந்தத் தைரியத்தில்தான் இலையுதிர்காலத்தில் ஒரு காலை, பல வருஷம் தொண்டையில் நின்றதைக் கேட்டுவிட்டாள். "எங்கம்மா செத்தப்ப நீ ஏன் இஸ்ஃபஹானுக்கு வரல?"

கேட்டுவிட்டு வேகமாக நடந்தாள். மறுபக்கத்தில், வழக்கமாகச் சந்திக்கும் பாலத்துக்குப் பக்கத்தில், அவன் இல்லை. கொஞ்சம் நின்று பார்த்தாள். ஓடிட்டான், அப்பவும் இப்படித்தானே ஓடினான் என்று பொங்கியது. அப்புறம் அந்த ரத்த அழுத்தம் நினைவுக்கு வந்தது. கோபம் பயமாகிவிட்டது. முழங்காலைப் பற்றி நினைக்காமல், அவன் வரவேண்டிய பக்கமாக விடுவிடுவென்று நடந்தாள்.

ஒரு வளைவைத் தாண்டியதும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். முகம் வெளுத்திருந்தது.

"என்ன செய்யுது? மார்ல வலியா?"

"ஒண்ணுமில்ல." அவன் தண்ணீரைப் பார்த்தான். "பதில் இன்னும் வரல. கையை வீசிக்கிட்டு உன் எதிர்ல வந்து நிக்க வெக்கமா இருந்துச்சு."

மஹ்லகா பக்கத்தில் உட்கார்ந்து பிளாஸ்கைத் திறந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். அவன் சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு மெதுவாக உறிஞ்சினான்.

"அன்னைக்கு என் கடையில வேலைன்னு சொன்னது பொய்" என்றான் கடைசியில். "நீ அழுது நான் பார்த்ததே இல்ல. நீ அழுதா என்ன செய்யணும்னு தெரியல. பயந்துட்டேன், மஹ்லகா."

"ஒண்ணும் செய்ய வேண்டாம்டா, முட்டாள். பக்கத்துல நின்னிருந்தா போதும்."

இப்போது அவள் அழுதாள். அவன் எழுந்து போகவில்லை. தேநீர் ஆறிப்போகும் வரை அப்படியே இருந்தான்.

"இனிமே சேர்ந்தே நடக்கலாமா?" என்று கேட்டான் பிறகு.

"வேண்டவே வேண்டாம்." மஹ்லகா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சேர்ந்து நடந்தா நீ பத்தடி முன்னால போயிடுவ. காலம் பூரா உன் முதுகைத்தான் பார்த்தேன். எதிர்ல வந்தாத்தான் மூஞ்சி தெரியுது."

அவன் கிழக்கே போனான், அவள் மேற்கே.

மறுபடி கல்யாணமா என்று சொந்தக்காரர்கள் கேட்டால், "நல்லாப் போயிட்டிருக்கறதைக் கெடுக்கவா?" என்பாள். தனித்தனி வீடு, தனித்தனி சாவி. காலையில் மட்டும் ஏரி.

வெள்ளிக்கிழமைகளில் தரானேவும் வருவாள். அம்மாவோடு கிளம்பி, எதிரே அப்பா வந்ததும் அவரோடு சேர்ந்துகொள்வாள், யாருக்கும் மனக்குறை வேண்டாமென்று. மறுபடி அம்மா எதிரே வந்ததும் அம்மாவோடு. அதனால் ஒவ்வொரு முறையும் வந்த வழியிலேயே திரும்பி நடப்பாள்.

"உங்க ரெண்டு பேர்கிட்டயும் மாட்டிக்கிட்டு," என்று பாலத்தில் நின்று ஒரு நாள் கத்தினாள், "இந்த ஏரிக்கு அந்தப் பக்கம் எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியல!"