உப்புப் போட்ட மல்லாட்டை மிட்டாய்

கிறிஸ்துமஸுக்கு ஒவ்வொரு வருடமும் நான் ரயிலில் கேக் கொண்டுபோவது வழக்கம். திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குக் காலை வண்டியில் வேலைக்குப் போய்வருகிறேன். பெண்கள் பெட்டியின் ஒரு மூலை எங்கள் நான்கு பேருக்கு என்று ஆகிப் பத்து வருடத்துக்கு மேல் இருக்கும். தீபாவளி வந்தால் அந்த மூலையில் எனக்கு முறுக்கும் அதிரசமும் கிடைக்கும். என் பண்டிகைக்கு நான் பேக்கரியில் பிளம் கேக் வாங்கித் துண்டு போட்டு, காகிதத்தில் சுற்றிக் கொடுப்பேன். எல்லோரும் சந்தோஷமாக வாங்கிப் பையில் வைத்துக்கொள்வார்கள்.

யாரும் என் முன்னால் அதைச் சாப்பிட்டதில்லை என்பது எனக்கு உறைக்கவே பல வருடம் ஆயிற்று. எங்களில் ஒருவர் வங்கியில் வேலை பார்ப்பவர். நாங்கள் அவரை மேடம் என்றுதான் கூப்பிடுவோம். ஒரு நாள் பேச்சுவாக்கில், தான் முட்டை சேர்ந்த எதையும் தொடுவதில்லை என்றார்.

"அய்யய்யோ, அப்ப இத்தினி வருசமா நான் குடுத்த கேக்கு?"

"எங்க வாட்ச்மேன் புள்ளைங்க ரொம்ப ஆசையா சாப்பிடும்மா."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா மேடம்?"

"நீ பிரியமா குடுக்கற. வேணாம்னு எப்படிச் சொல்றது?"

பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த பூக்கார அம்மா, இதுதான் சமயம் என்று தன் பங்கையும் சொல்லிவிட்டார். "எனக்கும் அந்த வாசனை ஒத்துக்காது கண்ணு. பேரப் புள்ளைங்க தின்னுடும்."

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அடுத்த கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் சாப்பிடக்கூடிய ஒன்றை என் கையாலேயே செய்துகொண்டு போவது என்று.

எங்கள் பக்கத்தில் மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, பஞ்சமில்லை. கிராமத்தில் சொந்தக்காரர் இருக்கிற எந்த வீட்டிலும் ஒரு சின்ன மூட்டையாவது மூலையில் கிடக்கும். வெல்லமும் மல்லாட்டையும் சேர்த்துக் கடலை மிட்டாய் செய்வது சுலபம் என்று போனில் ஒரு வீடியோவில் பார்த்தேன். இரண்டே பொருள், பத்தே நிமிடம். போன டிசம்பர் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுள்ளென்று வெயில் அடித்த மத்தியானத்தில், ஒத்திகை மாதிரி கொஞ்சமாகச் செய்து பார்த்தேன். மல்லாட்டையை வறுத்துத் தோல் நீக்கி, வெல்லப் பாகு காய்ச்சி, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்துத் தட்டில் போட்டேன். டங்கென்று சத்தம் வந்தது. கொட்டிக் கிளறி, நெய் தடவிய தட்டில் பரப்பி, சப்பாத்திக் கட்டையால் தேய்த்துத் துண்டு போட்டேன். கண்ணாடி மாதிரி உடைந்தது.

ஆனால் ருசி எனக்குத் திருப்தியாக இல்லை. ஒரு துண்டு தின்றதும் போதும் என்று திகட்டியது.

அப்போதுதான் என் கணவர் வந்தார். அவர் சின்ன லோடு வண்டி ஓட்டுகிறார். மரக்காணம் உப்பளத்திலிருந்து திண்டிவனம் கடைகளுக்கு உப்பு மூட்டை கொண்டுவந்து போடுவதும் அதில் ஒரு வேலை. உள்ளே வந்தவர், கைகூடக் கழுவாமல் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். இன்னொன்றை உடைத்து என் வாயில் வைத்தார்.

"இனிப்பு ஜாஸ்தியா இல்ல? திகட்டுதுங்க," என்று சொல்ல வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டேன். இந்தத் துண்டு திகட்டவில்லை. முதலில் நாக்கில் கரிப்பு, அதன் பின்னாலேயே வெல்லம், கடைசியில் மல்லாட்டை. இன்னொன்று வேண்டும் போல இருந்தது.

"இன்னா பண்ணீங்க இதுல?"

அவர் தன் விரல்களைப் பார்த்தார். ஓரமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. "கை கழுவலன்னு திட்டாத. ஜல்தியா வந்துட்டேன்."

நான் திட்டவில்லை. மறுநாள் அவர் ஒரு கை நிறையக் கல் உப்பு கொண்டுவந்தார். மழைக்குக் கீற்றுப் போட்டு மூடிய குவியலின் உள்ளேயிருந்து ஈரம் படாததாகப் பொறுக்கிக் கேட்டு வாங்கியதாம். அதை ஒன்றிரண்டாக நசுக்கி, கரைந்துவிடாமல் கடைசியில் மேலே தூவுவது என்று திட்டம் போட்டேன்.

இதற்கிடையில் எங்கள் மூலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாலாவது ஆள் மயிலத்தில் ஏறுவார். நாங்கள் அவரை அக்கா என்போம். மயிலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கொஞ்சம் சொந்த நிலம். விழுப்புரத்தில் ஒரு ஜவுளிக் கடையில் சேலைப் பிரிவில் நிற்பவர். அந்த வருடம் ஐப்பசியில் அவர் வீட்டுக்காரர் திடீரென்று நெஞ்சுவலியில் இறந்துபோனார். நாங்கள் மூன்று பேரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். ஒரு மாதம் கழித்து அக்கா மறுபடி வேலைக்கு வரத் தொடங்கினார். ஆனால் வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தால் விழுப்புரம் வரும் வரை வெளியே பார்த்துக்கொண்டே இருப்பார். கேட்டால் பதில் சொல்வார், அவ்வளவுதான். அவரிடம் என்ன பேசுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. மேடம் தன் மகள் கல்யாணத்துக்குப் பார்க்கிற பேச்சை எடுக்கக்கூடத் தயங்கினார். நாங்கள் மூவரும் மெதுவாக எதையாவது பேசுவோம், பிறகு நிறுத்திவிடுவோம்.

விடுமுறைக்கு முந்தின கடைசி வேலைநாள் வெள்ளிக்கிழமை. வியாழன் சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்ததும் மிட்டாய் வேலையில் இறங்கினேன். அன்று விடாமல் தூறிக்கொண்டிருந்தது. சுவரெல்லாம் ஈரம் கசிந்தது. ரயில்காரர்கள், ஆபீஸ், சர்ச்சில் நாலு குடும்பம் என்று கணக்குப் போட்டு, பெரிய வாணலி நிறையப் பாகு வைத்தேன். நிறைய வைத்ததால் பதம் வர நேரம் பிடித்தது. நானோ அவசரப்பட்டேன். தண்ணீரில் விட்ட சொட்டு உருண்டு வந்ததும் போதும் என்று நினைத்து மல்லாட்டையைக் கொட்டிவிட்டேன். தட்டில் பரப்பி, உப்பைத் தூவி, ஆறட்டும் என்று காத்திருந்தேன்.

ஆறியது. இறுகவில்லை. துண்டைத் தூக்கினால் சேலைத் தலைப்பு மாதிரி தொங்கியது. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது, தட்டோடு ஒட்டிக்கொண்டது, என் கையோடும் ஒட்டிக்கொண்டது. அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். நாற்பத்து மூன்று வயதில் மிட்டாய்க்காக அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

கணவர் ஒரு விள்ளல் பிய்த்துத் தின்று பார்த்தார். "ருசி நல்லாத்தான இருக்குது. இதுக்கா பேஜாரு பண்ணிக்கினு இருக்கற?"

"இத எப்படிங்க ஒருத்தருக்குக் குடுக்கறது? ஸ்பூன்ல போட்டா?"

எல்லாவற்றையும் வழித்து ஒரு எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடி, காலையில் அதைத் தொடாமலே வேலைக்குக் கிளம்பிவிட்டேன். வெறுங்கையோடு போய், கேக்கும் இல்லை ஒன்றும் இல்லை என்று சொல்லப்போகிறோம் என்ற எண்ணமே சுமையாக இருந்தது.

வண்டி திண்டிவனத்தில் கிளம்ப மணி அடித்த பிறகு, பிளாட்பாரத்தில் ஒருவர் ஒவ்வொரு ஜன்னலாகக் குனிந்து பார்த்துக்கொண்டே ஓடிவந்தார். என் கணவர்தான். கையில் அந்தத் தூக்கு.

"வெச்சுட்டுப் போயிட்ட! பிடி, பிடி!"

கம்பிக்குள் தூக்கு நுழையாது. கதவுப் பக்கம் நின்றிருந்த ஒரு பெண் வாங்கிக் கை மாற்றி விட்டார். "நாலு பொம்பளைங்க இருக்கறீங்க, ஏதாவது பண்ணுங்க!" என்று கத்திவிட்டு என் கணவர் நின்றுவிட்டார். பெட்டி முழுக்கச் சிரித்தது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பூக்கார அம்மா மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். "இன்னா கண்ணு இது, அல்வாவா?"

"மல்லாட்டை மிட்டாய்ம்மா. பதம் தப்பிப்போச்சு."

மேடம் விரல் நுனியால் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடித் திறந்தார். "இதுல உப்பு போட்டிருக்கியா? இரு, இன்னும் கொஞ்சம் குடு."

மயிலத்தில் அக்கா ஏறினார். நாங்கள் பிடித்துவைத்த ஜன்னலோரம் உட்கார்ந்தார். தூக்கைச் சுற்றி மூன்று தலை குனிந்திருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மேடம் தன் டிபன் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தார். பூக்கார அம்மா திரும்ப அடுப்பில் வைக்க வேண்டும் என்றார். நான் ஓடும் ரயிலில் அடுப்புக்கு எங்கே போவது என்றேன்.

"உருண்டை பிடிச்சிடலாமே," என்றார் அக்கா.

மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தோம். பல வாரத்தில் அவர் தானாகச் சொன்ன முதல் வார்த்தை அது.

"கையில நெய் தடவிக்கினு பிடிச்சா நிக்கும். பாகு இளம்பதம், அவ்ளோதான். கெட்டுப்போவல."

மேடம் தன் சாப்பாட்டுப் பையை அவிழ்த்தார். பருப்பு சாதத்துக்கு என்று தினமும் ஒரு குட்டி டப்பாவில் நெய் கொண்டுவருவார். அதை எடுத்து வைத்தார். நான் கையைத் துடைத்து, நெய் தடவி, ஒரு உருண்டை பிடித்தேன். அது நீள்வட்டமாகி, பிறகு சரிந்துவிட்டது. இரண்டாவதும் அப்படியே. அக்காவின் விரல்கள் மடியில் தானாக மடங்கி விரிந்தன. எனக்குச் சொல்லித் தர வாய் திறந்து, சொல்லாமல் நிறுத்திக்கொண்டார்.

"நீங்க பிடிங்கக்கா. எனக்கு வரல," என்று தூக்கை அவர் பக்கம் நகர்த்தினேன்.

அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "வேணாம்மா. பண்டிகைப் பலகாரம். நாலு வூட்டுக்குப் போறது. என் கை வேணாம்."

எங்கள் பண்டிகையில் அப்படி ஒன்றும் கிடையாது என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் பூக்கார அம்மா முந்திக்கொண்டார். கோபம் வந்தால் அவருக்குக் குரல் தாழ்ந்துவிடும்.

"ஏம்மா, எனக்கு மட்டும் வூட்டுக்காரர் இருக்கறாரா? அவரு போயி இருவது வருசம் ஆவுது. இந்தக் கையாலதான் தெனமும் பூ கட்டி ஊருக்கெல்லாம் குடுத்துக்கினு இருக்கறேன். கல்யாணத்துக்கு வாங்கறாங்க, வளைகாப்புக்கு வாங்கறாங்க. உன் கை வேணாம்னு யாராவது சொன்னாங்களா? நெய்யத் தடவு."

வண்டி பேரணி ஸ்டேஷனில் நின்று கிளம்பியது. அதற்குப் பிறகு அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, உள்ளங்கையில் நெய் தடவினார். தூக்கில் கைவிட்டு அளவாகக் கிள்ளி, இரண்டு உருட்டு உருட்டி நீட்டினார். எலுமிச்சை அளவில், விரிசல் இல்லாமல், பளபளவென்று நின்றது அந்த உருண்டை.

அதற்கப்புறம் எங்களுக்குப் பேச நேரமில்லை. அக்கா பிடித்துப் போட, பூக்கார அம்மா கூடையிலிருந்த வாழை இலைத் துண்டுகளை எடுத்து, நாலு நாலு உருண்டையாக வைத்து மடித்து, பூ கட்டுகிற நாரால் கட்டினார். மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, உதிர்ந்த பருப்புகளை ஒன்றுவிடாமல் பொறுக்கிக் கொடுத்தார்; நடுநடுவே வாயிலும் போட்டுக்கொண்டார். எதிர் இருக்கைப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் ஆளுக்கொன்று போனது.

"உப்பு நல்லாத் தெரியுது. மரக்காணத்து உப்பா?" என்று அக்கா கேட்டார்.

"ஆமாங்கக்கா. இவரு கொண்டாந்தது."

"ஓடியாந்து குடுத்தாரே, அவரா?" என்று மேடம் கேட்க, விக்கிரவாண்டி வருவதற்குள் திண்டிவனத்தில் நடந்ததெல்லாம் அக்காவுக்கு நடித்துக் காட்டப்பட்டது. அக்கா லேசாகச் சிரித்தார். சிரித்த கையோடு கண்ணையும் தோளில் துடைத்துக்கொண்டார். கையில் நெய் இருந்ததால் அப்படி.

முண்டியம்பாக்கம் தாண்டும்போது தூக்கு காலியாகிவிட்டது. விழுப்புரத்தில் இறங்கும்போது என் பை நிறைய இலைப் பொட்டலங்கள். சாமந்திப்பூ வாசனை அடித்தது. ஆபீசில் ஒவ்வொருவரும் கேட்டார்கள், எந்தக் கடை என்று. மேடம் அவர் பங்கை வாட்ச்மேனுக்குக் கொடுக்கவில்லை என்பதைச் சாயங்கால வண்டியில் அவரே ஒப்புக்கொண்டார். அக்காவுக்கு இரண்டு பொட்டலம் கொடுத்தேன். துக்கம் நடந்த வீடு, அந்த வருடம் பலகாரம் கிடையாது; மகள் மட்டும் இருக்கிறாள், பன்னிரண்டாவது படிக்கிறாள்.

கிறிஸ்துமஸ் அன்று சர்ச் முடிந்து வந்து, நான் பிரியாணிக்கு வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அக்கா. இத்தனை வருடத்தில் அவர் எனக்குப் போன் செய்ததே இல்லை. எங்கள் பழக்கமெல்லாம் ரயிலோடு சரி.

"ஹேப்பி கிறிஸ்மஸ்ம்மா," என்றார் கூச்சத்தோடு. "பாப்பா எல்லாத்தயும் தின்னுட்டா. யார் பிடிச்சதும்மான்னு கேட்டா. நான்தான்னு சொன்னேன்."

"நீங்கதான பிடிச்சீங்க."

"அவருக்கு மல்லாட்டை உருண்டைன்னா உசுரு. கழனிக்குப் போனா பாக்கெட்ல போட்டுக்கினு போவாரு. சட்டையெல்லாம் ஒட்டிக்கும். தொவைக்கறப்ப நான் திட்டுவேன்..."

அவர் நிறுத்தவில்லை. வீட்டுக்காரர் எப்படிப் பாட்டுப் பாடிக்கொண்டே தண்ணீர் பாய்ச்சுவார், எப்படி முதல் தடவை மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். நான் அடுப்படிச் சுவரில் சாய்ந்தபடி "ம்" கொட்டிக்கொண்டிருந்தேன். வெங்காயம் கருகும் வாசனை வந்தது. கணவர் உள்ளே வந்து, என்னை ஒரு பார்வை பார்த்து, கரண்டியைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

கடைசியில் அக்காவே சுதாரித்தார். "உன் பண்டிகை அதுவுமா ரொம்ப நேரம் புடிச்சிக்கினேன். வெக்கிறேம்மா. நாளைக்கு வண்டியில பாக்கலாம்."

"நாளைக்கு எனக்கு லீவுக்கா."

"அப்ப லீவு முடிஞ்சி வா," என்றார். "சாயங்கால வண்டியில உன் எடத்த நான் பிடிச்சி வெக்கிறேன்."