குதிகால் சோதனை

அம்மாவும் நானும் சேர்ந்து செய்த கடைசி வேலை, மொட்டைமாடியில் ஒரு பெட்ஷீட்டை மடித்தது. ஆளுக்கு இரண்டு முனை. உதறி, இழுத்து, நடுவில் சந்தித்து என் முனைகளை அவளிடம் ஒப்படைக்க வேண்டும். நான் அசந்த நேரம் பார்த்து வெடுக்கென்று இழுத்தாள். தடுமாறிப் போய் அவள் மேலேயே மோதினேன். நாற்பதை நெருங்கும் மகளை இப்படித் தள்ளாட வைப்பதில் அவளுக்கு அலுப்பே வந்ததில்லை.

"சுருங்கறதெல்லாம் சுருங்கியாச்சு. இனி அக்காவுக்குக் கொடுத்துடலாம்" என்றாள்.

அது ஞாயிற்றுக்கிழமை. வியாழனன்று டிரைவிங் ஸ்கூல் அலுவலகத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவள், டம்ளரை மேஜையில் வைத்துவிட்டுச் சாய்ந்தாள். இதயம். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

அம்மா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அந்தக் காரில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு. வாழ்நாளில் பாதியை அந்த இருக்கையில் கழித்ததால், உலகத்தில் எல்லாவற்றுக்கும் தன் காலடியில் ஒரு பிரேக் இருப்பதாக அவளுக்கு நினைப்பு. அப்பா ஏதாவது சொல்ல வாயெடுத்தால் அவள் வலது பாதம் தரையில் அழுந்தும். அவரும் நிறுத்திக்கொள்வார்.

அவளுடைய ஒரே ஆடம்பரம் பருத்தி விரிப்பு. பகலெல்லாம் கண்டவர்கள் ஓட்டும் வண்டியில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்கிறேன், படுக்கும்போதாவது உடம்புக்கு நல்ல துணி வேண்டாமா என்பது அவள் கட்சி.

கடையில் பொட்டலத்தின் மேல் அச்சடித்திருக்கும் இழை எண்ணிக்கையை அவள் சட்டை செய்யமாட்டாள். மெல்லிய நூல்களை முறுக்கி ஒன்றாக்கிவிட்டு, ஒவ்வொன்றையும் தனியாக எண்ணிக் கணக்கை ஏற்றுவார்கள் என்று அவளுக்குச் சொன்னது நான்தான். மறுவாரமே அதைத் தன் சொந்தக் கண்டுபிடிப்பாகக் கடைக்காரருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு மூலையை உள்ளங்கையில் கசக்கிப் பிடிப்பாள். திறக்கும்போது துணி நன்றாகக் கசங்கியிருக்க வேண்டும். கசங்காவிட்டால் பாலியெஸ்டர் கலப்பு. வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நெசவில் இடைவெளி பார்ப்பாள். நகத்தால் சுரண்டி மாவு உதிர்கிறதா என்று பார்ப்பாள். உதிர்ந்தால், அந்த மொடமொடப்பு கஞ்சியோடு போய்விடும். கடைக்காரர் அவளை "இன்ஸ்பெக்டர்" என்றுதான் கூப்பிடுவார், அதுவும் அவள் படியிறங்கிய பிறகு.

இதெல்லாம் முதல் சுற்றுதான். உண்மையான சோதனை வீட்டில், உறவினர்களை வைத்து நடக்கும்.

புது விரிப்பைத் துவைத்து விருந்தாளிக் கட்டிலில் போடுவாள். அதில் எதைச் சோதிக்க வேண்டுமோ, அதற்குத் தகுந்த ஆளை வரவழைப்பாள். வியர்வையை உறிஞ்சுமா என்று தெரிய வேண்டுமானால் சித்தப்பா. மின்விசிறிக்கு நேர் கீழேயும் ஊற்றெடுக்கும் மனிதர். சாயம் போகுமா என்பதற்கும் அவரேதான், அவருடைய வெள்ளை பனியன் துணை. ஒருமுறை முதுகெல்லாம் பச்சையாக ஊருக்குப் போனவர், பாவம், தன் சோப்பை மாற்றிக்கொண்டார்.

துணியில் பொடிப்பொடியாக உருண்டை கிளம்புமா என்பதற்குப் பெரியம்மா, அம்மாவின் ஒரே அக்கா. அவள் குதிகால் வெடித்துச் சொரசொரவென்று இருக்கும். தூக்கத்தில் சைக்கிள் வேறு மிதிப்பாள். நான் சிமென்ட் கட்டிகளை நசுக்கிப் பார்க்கும் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். எங்களிடம்கூட அவ்வளவு நம்பகமான தேய்மானக் கருவி கிடையாது.

தங்கச்சிக்குத் தன்னைப் பார்க்காமல் இருக்க முடியாது என்று பெரியம்மா எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு காலை, அம்மா சமையலறையில் நின்று கடைக்காரரிடம் போனில் பேசினாள். "அக்கா குதிகாலுக்கே தாங்கிடுச்சுங்க. இன்னும் ரெண்டு எடுத்து வைங்க." திரும்பினால் பெரியம்மா கையில் டம்ளரோடு நிற்கிறாள்.

"நான் உனக்கு அக்காவா, உப்புத்தாளா?"

மன்னிப்புக் கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். அம்மா சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்து, முடியாமல், சிங்க்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பெரியம்மா சாப்பிடாமல் கிளம்பிப் போனாள்.

ரெண்டு நாளில் வந்துவிடுவாள் என்றாள் அம்மா. வரவில்லை. போனை எடுக்கவில்லை. ஓர் உறவினர் வீட்டில் எதிரெதிரே உட்கார நேர்ந்தபோது, அம்மாவின் தலைக்கு மேலே இருந்த கடிகாரத்தோடு பேசிவிட்டுப் போனாள். சண்டை போடவாவது அம்மாவுக்கு இருந்த ஒரே அக்கா. அம்மா குளிக்கப் போகும்போதும் போனை எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தாள். போய்க் காலில் விழுந்துவிடேன் என்றார் அப்பா.

"விழலாங்க. கிட்டப் போய்க் குதிகாலைப் பார்த்தா மறுபடி சிரிச்சுடுவேனே."

ஆகவே பேச்சுக்குப் பதிலாக ஒரு விரிப்பைக் கொடுப்பது என்று முடிவானது. சாதாரண விரிப்பு அல்ல, இருப்பதிலேயே நல்லது. கடை கடையாக ஏறி வெளிர்நீலத்தில் ஒன்றைப் பிடித்தாள். கசங்கியது, மாவு உதிரவில்லை, நெசவு நெருக்கம். ஆனால் கடைசிச் சோதனைக்கு ஆளில்லை. அதைச் செய்யக்கூடிய ஒரே ஆள்தான் கோபத்தில் இருக்கிறாளே.

அம்மா தானே களத்தில் இறங்கினாள். காலுக்குக் கிரீம் தடவுவதை நிறுத்தினாள். வெயிலில் காய்ந்த மொட்டைமாடியில் செருப்பில்லாமல் நடந்தாள். குதிகால் வெடிக்கத் தொடங்கியதும் அந்த விரிப்பில் படுத்து வேண்டுமென்றே காலை உதைத்துத் தேய்த்தாள். அப்பா சோபாவுக்குக் குடிபெயர்ந்தார். இதென்ன கூத்து என்று கேட்டதற்கு, அக்கா வேகம் இன்னும் வரவில்லை என்று பதில் வந்ததாம். காலையில் என் பூதக்கண்ணாடியை வாங்கி அங்குலம் அங்குலமாகப் பார்ப்பாள். ஓர் உருண்டைகூடக் கிளம்பவில்லை.

ஒரே ஒரு மாதிரியை வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்று சொன்னேன்.

"எனக்கு ஒரே ஒரு அக்காதானடி" என்றாள்.

அதைத்தான் துவைத்து, உலர்த்தி, அந்த ஞாயிறு மடித்தோம்.

பெரியம்மா வெள்ளிக்கிழமை வந்தாள். நேராகப் போய் அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் போர்த்தியிருந்த துணியைச் சரிசெய்யப் போனவள், அப்படியே நிறுத்தினாள். இவளுக்குக் கால் எப்படி இப்படி வெடித்தது, அழகாக வைத்திருப்பாளே என்று கேட்டாள். அப்பா என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் எடுத்து வரப் போனேன்.

விரிப்பை வீடு முழுக்கத் தேடினேன். பீரோவில் இல்லை. அது பெரியம்மாவிடமும் போய்ச் சேரவில்லை.

சில வாரம் கழித்து ஒரு பல் டாக்டர் வந்தார். அம்மாவிடம் கடைசியாகக் கார் ஓட்டக் கற்றவர்களில் ஒருவர். காரின் பின்சீட்டில் கிடந்த ஒரு துணிப்பையை அவருடையது என்று நினைத்து டிரைவிங் ஸ்கூலில் கொடுத்துவிட்டார்களாம். உள்ளே வெளிர்நீல விரிப்பு, நாங்கள் மடித்த மடிப்பு கலையாமல்.

அம்மா போன அந்த வாரம் மூன்று வகுப்பும் ஒரே தெருவில்தான் நடந்தது என்றார். பச்சை கேட் போட்ட வீட்டு வாசலில் பார்க்கிங் பழகச் சொன்னாளாம். அது பெரியம்மா வீடு.

"நான் ஒழுங்காத்தாங்க போட்டேன். வண்டி நின்னதும் பையை எடுத்து மடியில வச்சுப்பாங்க. கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைப்பாங்க. அப்புறம் காலை உள்ளே எடுத்துக்கிட்டு, கோணலா இருக்கு டாக்டர், இன்னொரு தடவை போடுங்கம்பாங்க."

எத்தனை தடவை என்று கேட்டேன். கணக்கில்லை என்றார். லைசென்ஸ் தேர்வில் அவர் வண்டியை நிறுத்திய நேர்த்தியைப் பார்த்து, பழைய டிரைவரா என்று அதிகாரியே கேட்டாராம்.

புதன்கிழமை வகுப்பு முடிந்தபோது அம்மா பையைப் பின்சீட்டில் போட்டுவிட்டு, சனிக்கிழமை அவர் எப்படி நிறுத்தினாலும் சரி, இறங்கிவிடப் போவதாகச் சொல்லியிருக்கிறாள்.